தண்ணீருக்குக் காய்ச்சல்

காணாமல் போனவரின் மோட்டார் சைக்கிள் பேருந்து நிலையத்து வண்டி நிறுத்தத்தில், துடைத்து வைத்தது போல நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள்.

முதல் ஆள் தராசம்மா. முப்பது வருடம் எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து, கடைக்காரர்கள் எல்லாரிடமும் சம அளவில் கெட்ட பெயர் வாங்கி, ஓய்வு பெற்ற மறுநாள் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவர். இரண்டாவது, அவருடைய உதவியாளர் கண்டக்டர். பேருந்தில் நடத்துநராக இருந்தபோது பயணிகளிடம் வாயாடுகிறார் என்று மூன்று முறை எச்சரிக்கப்பட்டு, நான்காவது முறை எச்சரிக்கை இல்லாமலே அனுப்பப்பட்டவர். மூன்றாவது, காணாமல் போனவரின் மனைவி. அரசு மருத்துவமனை நர்ஸ். பணி முடிந்து உடை மாற்றாமல் வந்திருந்தாள். நான்காவது, நர்ஸின் அண்ணன், சாயப்பட்டறை முதலாளி. தராசம்மாவைத் தேடி வந்து வழக்கைக் கொடுத்தவர் இவர்தான். நடைமேடையின் விளிம்பில் ஏறி நின்று பேசினார். இறங்கி நின்றால் கண்டக்டரின் சட்டைப் பையோடுதான் பேச வேண்டியிருக்கும்.

"இதுல துப்பறிய என்னங்க இருக்கு?" என்றார் பட்டறைக்காரர். "திங்கட்கிழமை வேலைக்குப் போன மாப்பிள்ளையை இன்னைக்கு வியாழக்கிழமை வரைக்கும் காணோம். வண்டி பஸ் ஸ்டாண்டுல நிக்குது. ஆபீஸ் பெட்டி ஒண்ணும் கூடவே காணோம். பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டார். போலீஸும் அதைத்தான் சொல்லுது. நீங்க அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா, என் தங்கச்சி மனசைத் தேத்திக்குவா."

"அவர் ஓடிப் போற ஆள் இல்லை," என்றாள் நர்ஸ்.

"ஓடிப் போறவங்க சொல்லிட்டா போவாங்க, பாப்பா?"

"மலைக்குப் போய்த் தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் தராசம்மா.

"நானா? எனக்கு அங்க என்னம்மா வேலை? அந்த ரோட்டுப் பக்கம் போயே ஒரு வருஷம் ஆகுது."

தராசம்மா தலையசைத்தார். "கண்டக்டர், வண்டியில ஏறி உக்காருங்க."

கண்டக்டர் உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"என் முழங்கை தெரியுது, மேடம். இந்தப் பக்கம் வலது, அந்தப் பக்கம் இடது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி வர்ற லாரிதான் தெரியலை."

"லாரி தெரியற வரைக்கும் குனிங்க."

கண்டக்டர் குனிந்தார். இன்னும் குனிந்தார். தாடை கைப்பிடியை நெருங்கியபோது, "இப்பத் தெரியுது. நம்பர் பிளேட்டோட தெரியுது," என்றார்.

"அப்படியே இருங்க." தராசம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, இருக்கைக்கும் கண்டக்டரின் கண்ணுக்கும் உள்ள உயரத்தை அளந்தார். பிறகு நர்ஸைக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு ஒசரம்?"

"இவரைவிட நாலு விரல் அதிகம். எங்க வீட்டு நிலையில தினமும் தலையை இடிச்சுக்குவார்."

"அப்ப இந்த வண்டியைக் கடைசியா ஓட்டினது நிலையைப் பத்திக் கவலையே இல்லாத ஆள்," என்றார் கண்டக்டர், குனிந்தபடியே. "மேடம், நிமிரலாமா? இடுப்பு கேக்குது."

"எவனாவது தலை வாரறதுக்குத் திருப்பியிருப்பான்," என்றார் பட்டறைக்காரர்.

"தலை வாரறவன் ஒரு கண்ணாடியைத் திருப்புவான். ரெண்டையும் ஒரே அளவுக்குத் திருப்பினா, அது ஓட்ட வந்தவன்." தராசம்மா நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பட்டறைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டறையில் ஆட்கள் காத்திருப்பதாகச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள அந்தத் தாளைக் கொடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து இறங்கிப் போனார்.

*

நீர்த் தரக் கண்காணிப்பு அலுவலகம் என்பது இரண்டு அறைகள், ஒரு ஜீப், ஒரு கணினி, ஒரு ஆபரேட்டர். ஆபரேட்டர் ஜலதோஷத்தோடு இருந்த ஒரு பெண்மணி. இயந்திரம் செய்யும் தவறுகளுக்கெல்லாம் தானே மன்னிப்புக் கேட்கும் சுபாவம். சுவரில், 'ஒவ்வொரு துளியும் எங்கள் கண்ணில்' என்று எழுதியிருந்தது.

"சொட்டு மருந்தா?" என்றார் கண்டக்டர்.

"மன்னிச்சுக்கங்க, அது எங்க குறிக்கோள்," என்றார் ஆபரேட்டர்.

சுவரில் ஒரு வரைபடம். மலையில் ஓடை, ஓடை வந்து விழும் ஏரி. வழி நெடுக ஒன்பது சின்ன விளக்குகள். எட்டு பச்சையாக எரிந்தன. ஏழாவது அணைந்திருந்தது.

"ஒவ்வொரு விளக்கும் ஒரு பெட்டி," என்று விளக்கினார் ஆபரேட்டர். "பெட்டியிலேர்ந்து ஒரு கம்பி தண்ணிக்குள்ள தொங்கும். கால் மணிக்கு ஒரு தடவை சூடு, கலங்கல், அமிலம், உப்பு எல்லாத்தையும் அளந்து சொல்லும். மலையில டவர் கிடையாது, போன் எடுக்காது. அதனால பெட்டிங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். ஒன்பது எட்டுகிட்ட, எட்டு ஏழுகிட்ட, இப்படியே இறங்கி, கடைசியில ஒண்ணு பாலத்துகிட்ட இருக்கற கம்பத்துக்குச் சொல்லும். கம்பம் எனக்குச் சொல்லும்."

"பின் சீட்டுக்காரர் டிக்கெட் காசை முன்னாடி கைமாத்தி விடற மாதிரி," என்றார் கண்டக்டர். "நடுவுல ஒருத்தர் இறங்கிட்டா?"

"அவரைத் தாண்டி அடுத்தவர்கிட்ட கொடுக்கும். எல்லாம் தானா நடக்கறதால மேல யாரும் போறதே இல்லை. போற ஒரே ஆள் இவங்க வீட்டுக்காரர்தான். பெட்டிக்காரர்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். கம்பியில பாசி படிஞ்சா துடைக்கப் போவார்."

"திங்கட்கிழமை பாசி துடைக்கத்தான் போனாரா?"

ஆபரேட்டர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "இல்லை மேடம். ரெண்டு மாசமா புதன்கிழமையும் சனிக்கிழமையும் விடியற நேரத்துல ஏழாம் பெட்டி மட்டும் கத்தும். கலங்கல், உப்பு, எல்லாம் தாறுமாறா ஏறும். ரெண்டு மணி நேரத்துல இறங்கிடும். இன்ஜினீயர் பெட்டியிலதான் கோளாறுன்னுட்டார். பெட்டிக்காரர் கேக்கலை. கீழ மூணு ஊர் இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது, பெட்டி வாரத்துல ரெண்டு நாள் மட்டும் பாத்துப் பொய் சொல்லுமான்னு கேட்டார். அதைப் பாக்கத்தான் போனார். அதோட ஏழு செத்துப் போச்சு."

நர்ஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"பெட்டியைச் சொன்னேன்," என்றார் ஆபரேட்டர் அவசரமாக. "மன்னிச்சுக்கங்க."

"செத்துப் போச்சுன்னா, சத்தமே இல்லையா?" என்றார் தராசம்மா.

"சத்தம் வருது. தப்புத் தப்பா வருது. தண்ணிக்கு இருக்க முடியாத அளவு வந்தா கணினி ஏத்துக்காது, தூக்கிப் போட்டுடும். போன வருஷம் ஒரு பெட்டியோட கம்பி மேல எருமை ஒண்ணு ஏறிப் படுத்துக்கிச்சு. ஏரித் தண்ணி சூடாகுதுன்னு மேலிடம் வரைக்கும் தகவல் போய், தீயணைப்பு வண்டியெல்லாம் வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு."

"தூக்கிப் போட்டது எங்க போய் விழுது?"

"கழிவுன்னு ஒரு கோப்பு இருக்கு. அதை யாரும் திறக்கறதில்லை."

"நான் கடைக்குள்ள போனா மேஜை மேல இருக்கற எடைக்கல்லைப் பாக்கவே மாட்டேன்," என்றார் தராசம்மா. "மேஜைக்கு அடியில என்ன போட்டு வெச்சிருக்காங்கன்னுதான் பாப்பேன். திறங்க."

கோப்பு திறந்தது. திங்கள் காலை ஒன்பதே முக்காலிலிருந்து ஏழாம் பெட்டி சொன்னதெல்லாம் வரிசையாக இருந்தது. கலங்கல் இல்லை, உப்பு இல்லை, அமிலம் இல்லை. சூடு மட்டும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு.

"தண்ணியிலயே இல்லை. எங்கயோ காத்துல கிடக்கு," என்றார் ஆபரேட்டர். "நடுநடுவுல குதிக்குது பாருங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை. வயர் லூஸா இருக்கும்."

"எந்தெந்த நேரம்?"

"ஆறு, பத்து, ரெண்டு, மறுபடி ஆறு."

"கடிகாரம் பாத்து லூஸாகற வயரா?" என்றார் கண்டக்டர். "எங்க டிப்போவுல ஒரு பஸ்கூட இவ்வளவு நேரத்துக்கு வந்ததில்லை."

நர்ஸ் கணினிக்குப் பக்கத்தில் வந்தாள். "குதிக்கறப்ப எவ்வளவு? படிங்க."

ஆபரேட்டர் படித்தார். "திங்கள் ரெண்டு மணி, முப்பத்தாறு புள்ளி எட்டு. ஆறு மணி, முப்பத்தாறு புள்ளி ஒன்பது. செவ்வாய் காலைல முப்பத்தேழு. சாயங்காலம் முப்பத்தேழு புள்ளி எட்டு. புதன் காலைல முப்பத்தேழு புள்ளி அஞ்சு, சாயங்காலம் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. இப்ப பத்து மணிக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு."

நர்ஸ் மேஜை மேலிருந்த ஒரு தாளை இழுத்து, படிக்கப் படிக்கப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் புள்ளிகளைக் கோடால் சேர்த்தாள். கோடு காலையில் இறங்கி, மாலையில் ஏறி, ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மேலே போனது. அவள் தினமும் கட்டில்களின் கால்மாட்டில் தொங்கவிடும் தாளைப் போலவே இருந்தது அது.

"இது தண்ணி இல்லை," என்றாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இது ஒரு ஆள். அக்குள்ல வெச்சு எடுத்திருக்கார். ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, எங்க வார்டுல காய்ச்சல் பாக்கற நேரம். எங்கயோ புண்ணு பட்டிருக்கு, சீழ் பிடிக்குது. இதைப் பாத்தா எனக்குப் புரியும்னுதான் இந்த நேரத்துல எடுக்கறார்."

ஆபரேட்டர் மூக்கைச் சிந்த எடுத்த கைக்குட்டையை அப்படியே மேஜை மேல் வைத்தார்.

"மூணு நாளா சொல்லிட்டு இருக்காரா?" என்றார் அவர். "நான் கோளாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

"எங்கேர்ந்து சொல்றார்னு பாருங்க," என்றார் தராசம்மா. "ஏழு இப்ப யார்கிட்ட பேசுது?"

ஆபரேட்டர் விசைகளைத் தட்டினார். "வழக்கமா ஆறுகிட்ட. இப்ப... ரெண்டுகிட்ட மட்டும். வேற யாருக்கும் கேக்கலை. கெட்டிச் சுவருக்குள்ள இருந்தாத்தான் இப்படி. ரெண்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரே கட்டடம் பழைய குளோரின் ரூம்."

தராசம்மா திரும்புவதற்குள் நர்ஸ் கைபேசியில் அண்ணனை அழைத்துவிட்டாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆனதில், மறுமுனைக் குரல் அறைக்கே கேட்டது.

"அண்ணா, அவர் உயிரோட இருக்கார்! மலையிலதான் இருக்கார். காய்ச்சல் அடிக்குது. நாங்க இப்பவே போறோம்!"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மலைக்கா? எப்படிப் போவீங்க பாப்பா? பாலம்தான் போயிடுச்சே. இந்தக் கரைத் தூணோட சரிஞ்சு கிடக்கு, வண்டியெல்லாம் தாண்டாது."

ஆபரேட்டர் மேஜை மேலிருந்த உறையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தராசம்மா விரலை உதட்டில் வைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினார்.

"ஐயா, நல்ல வேளை சொன்னீங்க. பெட்டி எட்டாம் நம்பருக்குப் பக்கத்துல, ஏரிக்கு அந்தக் கரையில இருக்கு. சுத்துப் பாதையில போறோம். மூணு மணி நேரமாவது ஆகும்."

"அந்தக் கரையா?" குரலில் தெம்பு வந்தது. "அப்படியா? சரி சரி. பாத்துப் போங்க. அவசரமே இல்லை."

தராசம்மா கைபேசியை அணைத்தார். "இப்பச் சொல்லுங்க," என்றார் ஆபரேட்டரிடம்.

"பாலம் உடைஞ்சது எங்களுக்கே பத்து மணிக்கு வந்த இந்தக் கடிதத்துலதான் தெரியும். திங்கட்கிழமை மழையில போயிருக்கு. எந்தக் கரைத் தூணுன்னு இதுல எழுதவே இல்லை."

"ஒரு வருஷமா அந்தப் பக்கமே போகாதவருக்குத் தூணு வரைக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார் கண்டக்டர்.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க அண்ணன் என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவர். எங்க அப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு. என்னைப் படிக்க வெச்சதே அவர்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் தராசம்மா. "போய்ப் பாப்போம். அம்மணி, நீங்க போலீஸுக்குப் போன் போட்டு குளோரின் ரூமுக்கு வரச் சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் கேக்காம, சத்தமா சொல்லுங்க."

*

டீசல் வாங்கி ஊற்றி அலுவலக ஜீப்பைக் கிளப்பவே முக்கால் மணி நேரம் ஆனது. கண்டக்டர் ஓட்டினார். வழியில் யாருமே ஏறவில்லை என்பது அவருக்கு வருத்தமாக இருந்தது. மற்ற இருவரும் பேசவில்லை என்பதால் அவரே பேசிக்கொண்டு வந்தார்.

பாலம் இருந்த இடத்தில் இந்தக் கரைத் தூண் சரிந்து கிடந்தது, சொன்னது போலவே. தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார். உள்ளே யாரும் இல்லை. ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கோடு ஒட்டியது போல முன்னே இழுக்கப்பட்டு, அதன்மேல் இரண்டு தலையணைகள் இருந்தன.

நர்ஸ் காரைப் பார்த்தாள். "அண்ணன் கார்," என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கும் காத்திருக்காமல் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீர். இழுப்பு அதிகம். கண்டக்டர் ஒரு கையில் தராசம்மாவையும் மறு கையில் அவருடைய கைப்பையையும் பிடித்துக்கொண்டு தாண்டினார்.

"இதுல என்ன மேடம் இவ்வளவு கனம்?"

"எடைக்கல். ஒரு கிலோ, அரை கிலோ, கால் கிலோ."

"ஓய்வு பெற்ற பிறகுமா?"

"பழக்கம்."

கரையிலிருந்து மேட்டுப் பாதையில் அரை மணி நேரம். புதர்களுக்கு நடுவே காரை பெயர்ந்த ஒற்றை அறைக் கட்டடம் தெரிந்தது. அதற்கு முன்பே சத்தம் கேட்டது. யாரோ இரும்புக் கதவை உள்ளிருந்து இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் ஓடினாள். வளைவு திரும்பியதும் நின்றாள்.

கதவுக்கு வெளியே, படியில், ஒரு நெட்டை மனிதர் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. இடது கையில் சட்டைத் துணியைச் சுற்றியிருந்தார். மடியில் ஏழாம் பெட்டி. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் கதவு அதிர அதிர, அவரும் சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு எடுத்தது கிடைச்சுதா?" என்றார் மனைவியைப் பார்த்து.

நர்ஸ் மண்டியிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "முப்பத்தொன்பதுக்கு மேல இருக்கு."

"பெட்டி முப்பத்தெட்டு புள்ளி எட்டுங்குது."

"பெட்டிக்கு என்ன தெரியும்?" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கைக்கட்டைப் பிரித்தாள். உள்ளங்கை குறுக்கே நீளமாகக் கிழிந்து வீங்கியிருந்தது. "எதுல கிழிச்சீங்க?"

"கூரைத் தகரத்தைப் பிரிக்கப் பாத்தேன். அது என்னைப் பிரிச்சுடுச்சு."

"உள்ளே யார் சார்?" என்றார் கண்டக்டர், தெரிந்தும் தெரியாதவர் போல.

"மச்சான்."

கதவு அடிப்பது நின்றது. "பாப்பா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "பாப்பா, நீதானே? கதவைத் திறம்மா. மாப்பிள்ளை என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டார்."

பெட்டிக்காரர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். சாயப்பட்டறைக் கழிவை டேங்கர் லாரியில் ஏற்றிவந்து, வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் ஏழாம் பெட்டிக்கு மேலே ஓடையில் திறந்துவிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. லாரித் தடத்தைப் பார்த்தார். கரையில் காய்ந்து கிடந்த நீலத்தைப் பார்த்தார். இருந்தாலும் மச்சானாயிற்றே என்று, அலுவலகத்துக்குச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொன்னார். நேரில் காட்டு என்றார் மச்சான். திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்து காட்டினார். சாட்சிக்கு ஏழாம் பெட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டார். மழை பிடித்தது. இருவரும் இந்த அறையில் ஒதுங்கினார்கள். இன்றைக்கே எழுதிக் கொடுக்கப் போவதாக இவர் சொன்னார். மச்சான் ஒன்றும் பேசாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பழைய பூட்டு சாவியோடு கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள் உள்ளே இருந்தா மனசு மாறுவார்னு நினைச்சேன்!" என்றது கதவு. "சாயங்காலமே திறந்துவிடலாம்னுதான் இருந்தேன். பாலம் போயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

"நாங்க நடந்துதானே வந்தோம்?" என்றார் கண்டக்டர்.

"அன்னைக்குத் தண்ணி ஜாஸ்தி."

"வண்டியை பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டது?" என்றார் தராசம்மா.

கதவில் உள்ளிருந்து ஒரு உதை விழுந்தது.

"கூரை ஒழுகினதுல தண்ணிக்குக் குறைவில்லை," என்றார் பெட்டிக்காரர். "பையில ரெண்டு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. கொஞ்ச நேரம் முன்னாடி பூட்டு திறக்கற சத்தம் கேட்டுது. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். வெயில்லேர்ந்து வந்தவருக்கு இருட்டுல கண்ணு தெரியலை. அவர் உள்ளே வந்தார், நான் வெளியே வந்தேன். வேற ஒண்ணும் பண்ணலை."

தராசம்மா கதவருகே போனார். "ஐயா, ஒரு சந்தேகம். மாப்பிள்ளையை இங்க வெச்சுட்டு, எங்களை எதுக்குத் தேடி வந்தீங்க?"

"தங்கச்சி துப்பறியறவங்களைப் பாக்கணும்னு பிடிவாதமா நின்னா. நாலு இடத்துல விசாரிச்சேன். உங்ககிட்ட போனா ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

தராசம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நாலு இடத்துலயுமா சொன்னாங்க?" என்றார் கண்டக்டர். "எந்தெந்த இடம்? விலாசம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

படிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை விழுந்து கிடந்தது. "அது அவர் கொண்டு வந்தது," என்றார் பெட்டிக்காரர். நர்ஸ் அதை எடுத்துத் திறந்தாள். ஒரு ரொட்டிப் பொட்டலம். ஒரு பாட்டில் தண்ணீர். காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை.

அவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். காய்ச்சல் என்று அண்ணனிடம் சொன்னது அவள்தான். அதைக் கேட்டுவிட்டு, வழியில் கடையில் நிறுத்தி வாங்கியிருக்கிறார்.

"அதான் சொல்றேனே பாப்பா," என்றது குரல், அவள் முகத்தைப் பார்த்தது போல. "நான் என்ன கொலைகாரனா? சாப்பாடும் மருந்தும் கொண்டு வந்தவன்தானே நான்? திற. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். வெளியில தெரிஞ்சா யாருக்கு அசிங்கம், சொல்லு?"

நர்ஸ் எழுந்து நின்றாள். ஒரு கை தாழ்ப்பாளை நோக்கிப் போனது. பெட்டிக்காரர் பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். சாய்ந்திருந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

"பையில இன்னும் ஏதோ கனமா இருக்கு போலிருக்கே," என்றார் தராசம்மா. கனம் என்றால் அவருக்குத் தெரியும்.

நர்ஸ் பையின் அடியில் கைவிட்டாள். கடைக் காகிதம் பிரிக்காத ஒரு புதுப் பூட்டு வந்தது. கதவில் தொங்கிய பழைய பூட்டைவிட இரண்டு மடங்கு பெரியது. இரண்டு சாவிகள் நூலில் கட்டித் தொங்கின.

அவள் பூட்டைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"பாப்பா? என்னம்மா பண்றே?"

"உன் மாத்திரையை அவருக்குக் கொடுக்கறேன், அண்ணா," என்றாள். இரண்டு மாத்திரையைப் பிரித்துக் கணவனின் வாயில் போட்டு, பாட்டிலைத் திறந்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். பிறகு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, தன் முதுகையும் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை உள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைச் சொன்னது. பட்டறையில் வேலை செய்யும் அறுபது குடும்பங்களைச் சொன்னது. கடைசியில் வெறும் பெயரை மட்டும் கூப்பிட்டது. அவள் கணவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

மாலை நான்கு மணிக்குப் பெட்டிக்காரரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கையைத் திறந்து சுத்தம் செய்த டாக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விரல்களுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். ஆபரேட்டர் கழிவுக் கோப்பு முழுவதையும் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பதினெட்டுப் பக்கம். மூன்று ஊர்க் குடிநீர்க் குழாய்களையும் அன்றே அடைத்து, லாரியில் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு ஆனது. கோளாறு பெட்டியில்தான் என்று சொன்ன இன்ஜினீயர், தான் அப்படிச் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றார்.

காவல் நிலையத்தில் புகாரை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. கணவர் படுக்கையில் இருப்பதால், வேண்டுமானால் தானே எழுதித் தருவதாகத் தராசம்மா சொன்னார்.

"வேண்டாம் மேடம். நானே எழுதறேன்," என்றாள் நர்ஸ்.

எழுத்தர் தாளைத் தள்ளினார். அவள் நின்றபடியே எழுதினாள். பூட்டினது, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினது, லாரி, நீலம், புதுப் பூட்டு, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். வார்டில் நோயாளியின் தாளில் எழுதுவது போல நேர்க் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

எழுத்தர் வாங்கிப் பார்த்தார். "எதிரி உங்களுக்கு என்ன உறவுன்னு எழுதலையேம்மா."

அவள் வாங்கி, 'கூடப் பிறந்த அண்ணன்' என்று எழுதினாள்.

"அவரோட வீட்டு விலாசம்?"

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. கதவு எண், தெரு, எதிரில் இருக்கும் தபால் பெட்டி உட்பட, யோசிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.